சித்தியின் வேலையை நான் ஒழித்த விதம்

வேலைக்குச் சேர்ந்த ஒரே வருஷத்தில் ஒரு கம்பெனியை மூட வைப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. நான் செய்து காட்டினேன். (முழுசாக மூடவில்லை, பாதிதான். உள்ளதைச் சொல்லணும் இல்லையா.)

பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலை. லாரி பிரேக்குக்குள் போகிற இரும்புத் தகடுகளை பிரஸ் மிஷினில் வெட்டித் தருவோம். எனக்கு அங்கே வேலை வாங்கித் தந்ததே செல்வி சித்திதான். ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டில் தங்கி, அவள் கட்டித் தரும் சோற்றைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஒரே பஸ்ஸில் போவேன். இறங்கியதும் நான் இன்ஜினியர், அவள் கடைசி மேஜை. வெட்டி வரும் தகட்டின் ஓரத்தை விரலால் தடவி, பிசிறு இருந்தால் ஒதுக்குவாள். அவளோடு ஷபானா அக்கா, இன்னும் இரண்டு பெண்கள்.

எங்கள் முதலாளி மஞ்சுநாத் சார் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் ‘பெஞ்ச்மார்க்கிங்’ என்ற சொல்லோடு திரும்பி வந்தார். “நம்ம லைன்ல யார் நம்பர் ஒன்னோ, அவங்க என்ன மாடுறாங்களோ, அதையே நாமளும் மாடணும். புரிஞ்சுதா?” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, அந்த நம்பர் ஒன் இருந்த புனேக்கு என்னை அனுப்பினார். (கன்னடத்தில் ‘மாடு’ என்றால் செய்.)

புனே தொழிற்சாலையின் தரையைப் பார்த்ததும் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது. ஆனால் என்னை அசத்தியது வேறு. அங்கே கடைசி மேஜையே இல்லை. தகடு மிஷினிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போனது.

“பிசிறை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன்.

“நாங்கள் பார்ப்பதில்லை. எங்களுக்குப் பிசிறு வருவதில்லை” என்றார் அங்கிருந்த மேனேஜர்.

அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். ஏன் வருவதில்லை என்பது அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. (பூரியும் ஸ்ரீகண்டும்.)

திரும்பி வந்து எல்லோரையும் கூட்டி, திரையில் காட்டினேன். ‘அவர்கள்: பூஜ்யம். நாம்: நான்கு பேர்.’ நான்கைச் சிவப்பில் போட்டிருந்தேன். அந்த நான்கு பேரும் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சூப்பர் கணப்பா!” என்றார் மஞ்சுநாத் சார்.

திங்கட்கிழமையிலிருந்து கடைசி மேஜை கிடையாது. ஷபானா அக்காவும் மற்ற இருவரும் ஒப்பந்த ஆட்கள், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர ஆளான சித்தி கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி எனக்குத் தோசை வார்த்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்த ஊர்ல டையை எத்தன நாளைக்கு ஒருவாட்டி தீட்டுறாங்கடா?”

டை என்பது தகட்டை வெட்டும் அச்சு. வெட்ட வெட்ட மழுங்கும். மழுங்கினால் பிசிறு வரும். நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

“அது பெரிய சிஸ்டம் சித்தி. உனக்குப் புரியாது.”

“ஓ” என்றாள். “இன்னொரு தோசை போடட்டா?”

புனேயில் இத்தனை தகடு வெட்டினால் டையைக் கழற்றித் தீட்டியே ஆக வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் இருந்த ஒரே கணக்கு, சித்தி மேஜையிலிருந்து எழுந்து, “டேய் குமாரா, டை போச்சுடா!” என்று கத்துவதுதான். பிரஸ் ஓட்டும் குமார் உடனே மிஷினை நிறுத்துவான். அந்தக் குரலைத்தான் நான் சிவப்பில் போட்டு ஒழித்திருந்தேன்.

மூன்றாவது வாரம், எங்களிடம் தகடு வாங்கும் லாரி கம்பெனியிலிருந்து போன் வந்தது. எங்கள் தகட்டை எடுத்த ஒரு தொழிலாளியின் உள்ளங்கை கிழிந்து நரம்பு அறுந்துவிட்டதாம். விரல் மடங்குமா என்று சொல்ல முடியாதாம். அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது.

தகடுகளைத் தரையில் கொட்டி, வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். ஷபானா அக்கா வந்தார். சித்தி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நான்காவது தகட்டிலேயே என் விரல் கிழிந்தது.

“இன்ஜினியருக்கு பிளாஸ்டர் குடுங்கோ” என்றார் ஷபானா அக்கா, தலை நிமிராமல். “பெஞ்ச்மார்க் ஆயிடுச்சு.”

நான்கு நாள் பொறுக்கினோம். பிரயோஜனமில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது. மஞ்சுநாத் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“ஆர்டர் எங்க போச்சு, கொத்தா?”

“தெரியல சார்.”

“நம்பர் ஒன்கிட்ட. புனேக்கு.”

பாதி மிஷின்களை மூடினார்கள். குமாருக்கு வேலை போனது, சித்திக்குப் போனது, எனக்கும் போனது. சித்தியும் நானும் அதே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் ஓர சீட்டை எனக்குக் கொடுத்தாள். அவள் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. சித்தியும் சேர்ந்து இருக்கும் எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது. எதிர்வீட்டுப் பெண் கணக்கில் எவ்வளவு வாங்கினாள் தெரியுமா என்று என் மனைவி ஆரம்பித்தால் போதும், “ஏன், நீயும் புனே போயிட்டு வந்தியா?” என்பாள் சித்தி. வீடே சிரிக்கும். தம்பி பிள்ளைகளுக்கு நான் ‘புனே பெரியப்பா’. நானும் சிரித்துவிடுவேன்.

போன மாதம் யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் ஷபானா அக்காவைப் பார்த்தேன். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாராம். நான் நழுவப் பார்ப்பதற்குள், கூட்டத்துக்கு நடுவே கையை உயர்த்தி, “ஏ புனே!” என்று கூப்பிட்டார். அது எங்கள் வீட்டு ஜோக் மட்டுமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.