லேமினேஷன் அண்ணே போட்ட இலங்கைத் திட்டம்

மதுரையில் இதுவரை பிறந்தவர்களிலேயே, ஊரைவிட்டு நகராமல் அதிகத் தூரம் பயணம் செய்தவர் எங்கள் லேமினேஷன் அண்ணேதான். காசியில் எது முட்டுச்சந்து என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். எல்லாம் போனில் வரைபடம் பார்த்தே. நேரில் திருமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை.

பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தாள் என்று எதைக் கண்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மிஷினில் விட்டு, சூடாக எடுத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், டாக்டர் சீட்டு எதுவும் தப்பியதில்லை. ஒருமுறை அவர் மனைவி மல்லிகா அக்கா எழுதி வைத்த மளிகைச் சீட்டையும் லேமினேட் செய்துவிட்டார். அதில் புதிதாக எதையும் எழுத முடியாததால், அவர்கள் வீட்டில் மூன்று வருடமாக அதே மளிகைதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கடை வாசலில் எங்களை நிறுத்தி, "நாம இலங்கை போறோம்" என்றார். 'நாம' என்றால் அண்ணே, அக்கா, நான், என் மனைவி, பக்கத்துக் கடையில் பள்ளிச் சீருடை தைக்கும் காசிம் பாய்.

"ஒரே தீவு மாப்ள, ரெண்டு பண்பாடு. சிங்களவுக ஒரு பக்கம், நம்மாளுக ஒரு பக்கம். அஞ்சு நாள்ல ஆளுக்கு ரெண்டரை நாள். மூணாம் நாள் மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் சிங்கள வணக்கம், 'ஆயுபோவன்'. பன்னெண்டுக்கு மேல நம்ம 'வணக்கம்'. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது."

"பதினொண்ணு அம்பத்தொம்பதுக்கு ஒரு தமிழாள் எதுக்க வந்தா என்னண்ணே பண்றது?" என்றார் காசிம் பாய்.

"ஒரு நிமிஷம் குனிஞ்சு செருப்பச் சரி பண்ணுங்க."

அன்றிலிருந்து தெருவுக்கு நிம்மதி போனது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் கைகூப்பி "ஆயுபோவன்" என்று வரவேற்று, போகும்போது "ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார். ஏதோ சாபம் விடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள்.

அடுத்து இலங்கைத் தமிழ். அங்கே பேசுவதைக் 'கதைப்பது' என்பார்கள், அழகை 'வடிவு' என்பார்கள் என்று படித்துவிட்டு, பயிற்சிக்காக ஒரு காலை அடுப்படியில் நின்று, "மல்லிகா, நீ நல்ல வடிவா இருக்க" என்றிருக்கிறார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அக்கா உடனே அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் மனைவிக்குப் போன் போட்டார். "அவருக்கு என்னமோ ஆயிருச்சு, கொஞ்சம் வா."

இதற்கெல்லாம் மேலே ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேரும் பெட்டி படுக்கையோடு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெட்டியோட எங்க போறீங்க?"

"இலங்கைக்கு" என்றார் அண்ணே.

"இது மேலூர்தாண்ணே போகும்."

"தெரியும். அது வரைக்கும் அஞ்சு டிக்கெட் குடுங்க."

மேலூரில் இறங்கியதும் அண்ணே முன்னால் ஓடிப்போய், டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு, குடியேற்ற அதிகாரியாக உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றோம்.

"வந்த நோக்கம்?"

"டீ குடிக்க" என்றார் காசிம் பாய்.

"ரிஜெக்ட்! கடைசிக்குப் போங்க."

பாய் கடைசிக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஏதோ கொடுக்கிறார்கள் என்று மேலூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா ஆதார் அட்டையை நீட்டினார். அண்ணே அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ஓரமெல்லாம் பிரிஞ்சு கெடக்கேம்மா. மதுரைப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க, புதுசு கணக்கா ஆக்கித் தாரேன்" என்று அனுப்பி வைத்தார்.

பயண நாளும் வந்தது. மதுரை விமான நிலையத்தில் எங்கள் நான்கு பேருக்கும் போர்டிங் பாஸ் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக அண்ணே. கவுன்ட்டரில் இருந்த பெண் அவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்தாள். அது பாதிதான் திறந்தது. கையை எடுத்ததும் பட்டென்று மூடிக்கொண்டது.

"சார், இத யாரு லேமினேட் பண்ணது?"

"நாந்தாம்மா!" அண்ணே முகத்தில் அவ்வளவு பெருமை. "போட்டோ பக்கம், அட்ரஸ் பக்கம் ரெண்டும். கடல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

மேலதிகாரி வந்தார். தடவிப் பார்த்தார். இது செல்லாது, புதுசுக்கு விண்ணப்பியுங்கள் என்று தணிவாகத்தான் சொன்னார். அண்ணே பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி, அதன் உறையைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தார். 

"லேமினேட் பண்ண எம் பாஸ்போர்ட்டக் கேட்டப்ப நான் ஏன் குடுக்கலன்னு இப்பத் தெரியுதா?" என்று காசிம் பாய் என் காதில் முணுமுணுத்தார். அக்கா தன்னுடையதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாராம்.

அக்கா பெட்டியைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கினார். "நானும் போகல. ஒங்கள விட்டுட்டு நான் எங்க போயிருக்கேன்?"

"அதுக்குத்தான் போங்கறேன்." அண்ணே பெட்டியை மறுபடி ஏற்றினார். தன் பையைத் திறந்து, பதினெட்டுப் பக்கத் திட்டத்தை அக்காவின் கையில் கொடுத்தார். "எட்டு மாசம் ஒக்காந்து போட்டிருக்கேன் மல்லிகா. ஒருத்தருமே போகலன்னா எப்படி? நீ பாத்துட்டு வா."

அக்கா விமானம் ஏறும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கொழும்பில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் அண்ணே அழைத்துவிட்டார். அதன் பிறகு ஐந்து நாளும் அவர்தான் எங்களை நடத்தினார். கண்டியில், "இப்ப ஒரு பேக்கரி வரும், அதத் தாண்டி இடது பக்கம்" என்பார். பேக்கரி வரும்.

"அண்ணே, நீங்க நெசமாவே பழங்காநத்தத்துலதான் இருக்கீகளா?" என்று பாய் கேட்டே விட்டார்.

மலை ரயிலில் வலப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்பது அண்ணே உத்தரவு. ஜன்னல் முழுக்கத் தேயிலைச் சரிவு. எதிரே ஒரு சிங்கள மூதாட்டி எங்களுக்குப் பால்சோறு கொடுத்தார். அக்கா "ஸ்தூதி" என்றதும், மொழி தெரிந்தவர் என்று நம்பி அந்த அம்மா மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். அக்கா பயந்துபோய் போனை அவர் கையில் கொடுத்துவிட்டார். மறுமுனையில் அண்ணே. அவருக்குத் தெரிந்த சிங்களம் மொத்தம் ஏழு வார்த்தை. பேச்சு இருபது நிமிடம் நடந்தது. அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னண்ணே சொன்னாக?"

"தெரியல மாப்ள. ஆனா ரெண்டு பேருக்கும் நிறுத்த மனசே வரல."

மூன்றாம் நாள் சரியாகப் பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. "வணக்கத்துக்கு மாறுங்க!" திருகோணமலையில் புடவைக் கடைக்காரப் பெண் ஒரு நீலப் புடவையை அக்காவின் தோளில் போட்டு, "நல்ல வடிவா இருக்கிறியள் அக்கா" என்றாள்.

"ஆமா" என்றார் அக்கா, சிரிக்காமல். "எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு."

ஊர் திரும்பிய அன்று அண்ணே விமான நிலைய வாசலில் நின்றிருந்தார். என்ன வாங்கி வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைக்கூட இறக்கவிடாமல் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"வரிசையாச் சொல்லு மாப்ள. எதையும் விட்றாத."

சொன்னேன். கடலின் நிறம், ரயிலின் ஆட்டம், கோயில் படிகள், யானை, மழை. மூன்று நாள் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரிடம் சொல்லி முடித்த பிறகுதான், நான் இலங்கைக்குப் போய்வந்தேன் என்பதே எனக்கு நிச்சயமானது.