தானே மூடும் கதவும் தனகோட்டியின் கல்லும்

வாழி கலைச்செல்வி! மும்மலை காவல்நிற்கும் செஞ்சியில், திண்டிவனம் சாலையோரம், மகளிர் விடுதி என்னும் ஈரடுக்கு மாளிகையை ஆளும் பெருமாட்டியே! நர்சிங் படிக்க வந்த கன்னியர் கூட்டத்தின் காவல் தெய்வமே! சிலிண்டர் உருட்டும் வீரக்கரத்தாளே! மேல்தொட்டி நிரம்பும் ஓசையைத் தூக்கத்திலும் அறியும் கூர்ஞ்செவியாளே! நின் புகழ் சொல்லப் புகுந்த இவ்வுரைக்கு மூச்சு நீளட்டும். ஏனெனில் போர் பெரிது. கதவோ ஒன்றுதான்.

போரின் காரணம் இது. விடுதியின் அடுக்களையும் மாடிப்படியும் கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து இருந்தன; படியடிக் கூடத்தில்தான் பெண்கள் பந்தியமர்ந்து உண்டனர். தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருநாள் வந்தார்; அடுக்களையைப் பார்த்தார்; படியைப் பார்த்தார்; மேலே கொடியில் காய்ந்த துப்பட்டாக்களைப் பார்த்தார். "இங்க தீப்புடிச்சா புகை முதல்ல ஏறுறது இந்தப் படியிலதாம்மா. புள்ளைங்க எறங்க வேண்டியதும் இதே படி. நடுவுல தீ தாங்குற கதவு போடுங்க. அதுவும் தானா மூடிக்கிற கதவா இருக்கணும். இல்லன்னா சான்று கிடையாது" என்று அசரீரிபோல் மொழிந்து அகன்றார். சான்று இல்லையேல் வரும் கல்வியாண்டில் விடுதி இல்லை. அது வெளியே இருந்த அச்சம். உள்ளே வேறொன்று இருந்தது. அன்றுமுதல் கலைச்செல்வி பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும், அவள் மனத்தின் மாடிப்படியில் ஒரு கரும்புகை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

எனவே விழுப்புரத்துக் கடையொன்றில் சுயம்வரம் நிகழ்ந்தது. துணைக்குச் சென்றவள் தனகோட்டி: கலைச்செல்வியின் கணவனுக்கு அக்காள், வல்லத்துக் கல்யாணச் சமையற்கட்டுகளில் அண்டாக்களை அடக்கி ஆண்டவள், விடுதி அடுக்களையின் முடிசூடிய அரசி. கடையில் மன்னர்போல் வரிசையாய் நின்றன கதவுகள். கஜலட்சுமி செதுக்கிய தேக்குக் கதவு மார்பு விரித்து மினுமினுத்தது. பூப்போட்ட கண்ணாடிக் கதவு நாணிக் கோணி நின்றது. கனமற்ற பிளாஸ்டிக் கதவு காற்றுக்கு ஆடித் தன் வீரத்தைத் தானே மறுத்தது. கடைக்கோடி மூலையில், அணியின்றி, சிரிப்பின்றி, சாம்பல் நிறத்தில் நின்றான் ஓர் இரும்பு மறவன். அவன் நெஞ்சுக்குள் தீயறியாக் கல்நார்ப்பஞ்சு. அவன் நிலையின் விளிம்பெங்கும் சூடுபட்டால் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை. இரண்டு மணி நேரம் எரிநாவை எதிர்த்து நிற்பான் என்று கடைக்காரர் கட்டியம் கூறினார்.

"இது இன்னா கலை, ரேஷன் குடோன் கதவாட்டம் இருக்குது? லட்சுமி போட்ட கதவு அங்க கெடக்குது, அத்த உட்டுட்டு!" என்றாள் தனகோட்டி.

"லட்சுமி போட்டது பத்திக்கும் அண்ணி" என்றாள் கலைச்செல்வி. அந்தக் குடும்பத்தில் யாரையும் கேளாமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. சொல்லி முடித்தபின் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள்.

மறவன் மினி லாரி ஏறி வந்தான். ஆடவர் நால்வர் முக்கி முனகிச் சுமந்தனர். பொருத்துநர் வீரமணி, தூக்குக்குண்டு பிடித்து, நிலையின் வயிற்றுக்குள் சிமெண்டுக் கலவை ஊட்டி, மூன்று கீல்களில் அவனை அரியணை ஏற்றினான். வாயில் நிலை வைத்தால் மஞ்சள் பூசாத வீடு செஞ்சிச் சீமையில் உண்டோ? தனகோட்டி மஞ்சள் பூசினாள், குங்குமம் இட்டாள், கற்பூரம் காட்டினாள். தீயைத் தடுக்க வந்தவனுக்கு முதல் மரியாதை தீயினாலேயே நடந்தது. பின்னர் மாவிலைத் தோரணம் கட்டவென்று நாலங்குல ஆணியை அவன் நெற்றியில் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். வேங்கைபோல் பாய்ந்தான் வீரமணி.

"யக்கா! யக்கா! ஓட்ட போட்டா கதவு செத்துடும்! அந்த ஓட்டையிலியே நெருப்பு பூந்துடும்கா!"

"ஒரு ஆணி தாங்காதது நெருப்பத் தாங்குமாடா?" என்று வினவிய தனகோட்டி, சுத்தியலை இறக்கினாளேயன்றிச் சினத்தை இறக்கவில்லை.

கடைசியாக, கதவின் மேல்முனையில் மூடும் கருவி பொருந்தியது. திறந்துவிட்ட கதவு, யாரும் தொடாமல், பெருமூச்சொன்றை விட்டபடி, மெல்ல மெல்லத் தானே வந்து மூடிக்கொண்டது. கலைச்செல்வியின் நெஞ்சுப் படியில் ஏறிய புகை அக்கணமே நின்றது. ஆனால் தனகோட்டியோ முந்தானையை இழுத்துச் செருகிப் போர்ப்பிரகடனம் செய்தாள்:

"இதோ பாரு கலை, தெறந்து கெடந்தாதான் அது வாசப்படி. மூடிக் கெடந்தா செவுரு. நான் செவுத்துக்குப் பின்னால நின்னு சோறாக்க மாட்டேன்!"

மறுநாள் காலை, அம்மிக்குழவி கதவின் காலடியில் கிடந்தது. இரும்பு மறவன் வாய்பிளந்து, தன் கடமை மறந்து, விரியத் திறந்து நின்றான்.

தொடங்கியது முற்றுகை! கலைச்செல்வி குழவியை அகற்றினாள், செங்கல் வந்தது. செங்கல்லை வீசினாள், கருங்கல் வந்தது. கருங்கல்லைக் கொல்லையில் எறிந்தாள். எறிந்த கல்லே தோழனொருவனை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது. பாறைமேல் பாறை அடுக்கி வானளவு நிற்கும் ஊர் இது. செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமா? ராஜகிரி மலையின் அடிவாரமே தன் எதிரியின் படைக்கலக் கொட்டில் என்பதைக் கலைச்செல்வி உணர்ந்தாள். கற்கள் ஓய்ந்தபோது எண்ணெய் டின் களமிறங்கியது. அதுவும் வீழ்ந்தபோது இட்லிமாவுத் தவலை தன் குளிர்ந்த வயிற்றால் கதவைத் தடுத்தது. இருபெரும் சேனைக்கும் நடுவே அகப்பட்ட தேவேந்திரன், அக்காளுக்குத் தம்பியும் மனைவிக்குக் கணவனுமான அந்தப் பேருந்து நடத்துநர், "எனக்கு ட்ரிப்புக்கு நேரமாயிடுச்சி" என்று அறிவித்து, வார ஓய்வு நாளன்றும் பணிக்கு ஏகினார்.

இக்களத்தின் நடுவே கலைச்செல்வி தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். நான் அஞ்சுவது தீக்கா, தோல்விக்கா? பிள்ளைகளுக்காகவா இந்தக் கல்லை உதைக்கிறேன், என் ஒரே முடிவுக்காகவா? விடை இரண்டு கால்களில் நின்றது. ஒரு காலைத் தூக்கினால் மற்றது தாங்கவில்லை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கல்லை உதைத்தாள்.

சோதனை நாள் வந்தது. அலுவலரின் வண்டி வாசலில் நின்ற ஓசை கேட்டு அடுக்களைக்கு ஓடிய கலைச்செல்வி கண்டது என்ன? குழவி மீண்டும் காலடியில்! உள்ளே தனகோட்டி, இரும்பு வடச்சட்டியில் காய்ந்த மிளகாயை மலைபோல் குவித்து, பொடிக்காக வறுத்துக்கொண்டிருந்தாள். பெருமாட்டி ஓங்கி உதைத்தாள். கல் உருண்டது. கால் பெருவிரல் வானத்து மீன்களைக் கண்டது. நிலை தடுமாறி உள்ளே விழப்போனவளின் முதுகுக்குப் பின்னால், பெருமூச்சு விட்டுக் கதவு மூடிக்கொண்டது.

"எடுத்துட்டியா? வெச்சா எடுக்கறதே உனுக்கு வேலையா?" என்று தனகோட்டி திரும்பிய அந்த இமைப்பொழுதில் மிளகாய் கறுத்தது.

எழுந்தது நெடி! இருவர் மூக்கையும் ஏககாலத்தில் தாக்கி, கண்களைக் குளமாக்கி, தொண்டையை வாளால் அறுத்தது. கொல்லைக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் திறந்தே கிடந்தது. ஆயினும் வெளியேறுபவள் தோற்றவள் அன்றோ? கலைச்செல்வி போனால் கல் திரும்பும். தனகோட்டி போனால் களமே போய்விடும். இருவரும் அடுப்பை அணைத்துவிட்டு, இருமியபடி, தும்மியபடி, எதிரெதிரே நின்றனர்.

"போ...யேன் வெளிய!"

"நீங்க போங்க அண்ணி!"

"மூடிட்டா..." தனகோட்டி இருமினாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மூடிட்டா பொண்ணுங்க சாப்புடற மூஞ்சி தெரியில கலை. கல்யாணத்துல ஆயிரம் எல போட்டாலும் எட்டிப் பாத்துக்கினேதான் ஆக்குவேன். மூஞ்சப் பாத்தாதான் எனுக்கு உப்பு தெரியும்."

கலைச்செல்வியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அதில் எவ்வளவு மிளகாய், எவ்வளவு வேறொன்று என்று பிரித்தறிய எந்த அளவுகோலும் இல்லை. புகை ஏறும் படியை மட்டுமே இத்தனை நாள் பார்த்திருந்தாள். அதே வழியாக ஒருத்தியின் பார்வை வெளியே போய் வந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

கதவுக்கு அப்பால், படிக்கட்டின் அடியில், அலுவலர் நின்றிருந்தார். மாடியில் பெண்கள் பாடம் ஒப்பிக்கும் ஓசை. ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லை, காற்றில் மிளகாயின் சாடை கூட இல்லை. உள்ளே மட்டும் யாரோ இருவர் உயிர்போக இருமுகிறார்களே என்று ஐயுற்று, அவர் கதவைத் தள்ளினார். நெடி அவர்மேல் குதித்தது. பின்வாங்கினார். கதவு, தன் ஒரே மந்திரமான பெருமூச்சை விட்டு, அவர் முகத்தெதிரே மூடிக்கொண்டது. கண்ணைத் துடைத்தபடி அவர் மூடிய இரும்பை நோக்கித் தீர்ப்புரைத்தார்:

"கதவு பாஸும்மா! ஆனா இன்னா மொளகாம்மா அது!"

முரசு முழங்கவில்லை, மலர்மாரி பொழியவில்லை. வென்றவள் யார், வீழ்ந்தவள் யார் என்று ராஜகிரியின் பாறைகளும் கூறவில்லை. கொல்லையில் வேப்பமரத்தடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரே செம்பு மோரை மாறி மாறிக் குடித்த இரு பெருவீராங்கனையரும், நெடுநேரம் பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

அன்று ராத்திரியிலிருந்து தனகோட்டி பரிமாறுகிறாள், கலைச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்று தோசை ஊற்றுகிறாள்.