மாப்பிள்ளையோடு லூப் ரோட்டில் ஒரு சுற்று

சொந்த ஊர் ரோட்டில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது தாராளமாகவே உண்டு என்பதை என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்தன்று ஊருக்கே நிரூபித்தேன்.

மே மாதம். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். ஏரிக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் சர்ச்சில் பத்து மணிக்குக் கல்யாணம். அதற்குப் பின்னால் அங்கே இன்னொரு ஜோடி காத்திருந்தது. "பத்தே முக்காலுக்குள்ள மாப்பிள்ளை வரலைன்னா சாயங்காலம்தான்" என்று ஃபாதர் கறாராகச் சொல்லியிருந்தார். (சாயங்காலம் என்றால் மத்தியான பிரியாணியை என்ன செய்வது?)

மாப்பிள்ளை வீட்டாரை நாகலூரில் ஓர் எஸ்டேட் பங்களாவில் தங்க வைத்திருந்தோம். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளையைக் காரில் அழைத்து வந்து சர்ச் வாசலில் இறக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது, நாலு பேர் பார்க்க வேண்டாமா?

பின்சீட்டில் மாப்பிள்ளை ஜோசப்பும் ஈரோட்டிலிருந்து வந்த அவர் அம்மாவும். அத்தைக்கு ஏற்காடு புதிது. விடுவேனா? "இது துரை கட்டின பங்களாங்க, அத்தை. அது அவர் குதிரை லாயமுங்க." இந்த ஜோரில் சர்ச் கேட்டைத் தாண்டிவிட்டேன்.

வாசலில் பேண்டு, பூத்தட்டு, வெள்ளைப் புடவையில் ஸ்டெல்லா. அத்தனை பேர் கண்ணெதிரே மாப்பிள்ளை கார் நிற்காமல் போனது. பதற்றத்தில் ஜோசப் கையை வேறு ஆட்டினார்.

விழாவுக்காக ரோட்டை ஒருவழியாக்கியிருந்தார்கள். ரிவர்ஸ் எடுக்கப் போலீஸ்காரர் விடவில்லை. "லூப் ரோடு சுத்தித்தான் வரணும் மேடம்" என்றார்.

"ஏனுங்க அண்ணி, நாலு எட்டுதானுங்க. எறங்கி நடந்துக்கறேனுங்க" என்றார் ஜோசப்.

மூளையுள்ள எவரும் சரி என்றிருப்பார்கள். எனக்கோ எங்கள் குடும்ப கௌரவம் குறுக்கே வந்தது. "மாப்பிள்ளை நடந்து வர்றதா? ஊரு என்னங்க பேசும்? உக்காருங்க, பத்தே நிமிசம்!"

மலையையே ஒரு வட்டமடித்து வரும் லூப் ரோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல். முன்னால் போன வேன்கள் பள்ளத்தாக்கு தெரிந்த இடத்திலெல்லாம் செல்ஃபிக்கு நின்றன. போனில் சிக்னல் இல்லை. நாகலூர் பங்களா மறுபடி வந்தபோது வாட்ச்மேன் ஓடி வந்து, "ஏனுங்க, எதாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார். ஜோசப் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை மட்டும் ஆனந்தத்தில் இருந்தார். "நொம்ப நல்லாருக்குது கண்ணு! இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயேன்."

பத்து நாற்பத்திரண்டுக்கு சர்ச் வந்தது. மாப்பிள்ளை மலையிறங்கி ஓடிவிட்டார் என்று அதற்குள் செய்தி பரவி, உறவினர்கள் அப்பாவைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா யாரையும் தேற்ற விடவில்லை. பூச்செண்டை நீட்டியபடி நடுரோட்டில் நின்று, வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். காரை நிறுத்தியதும் கதவைத் திறந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல், ஜோசப்பின் கையைப் பிடித்தாள். பீடம் வரை விடவில்லை.

கல்யாணம் நடந்தது. பிரியாணி சூடாகவே இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் அத்தை மலையேறி வந்து, "எங்க கண்ணு, நம்ம ரவுண்டு?" என்கிறார். நானும் சந்தோஷமாகக் கூட்டிப் போகிறேன்.

ஆனால் கார் கடந்துபோனதை வீடியோக்காரர் ஒரு நொடி விடாமல் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு கல்யாண நாளிலும் அதைப் போடுவோம். ஜோசப் கையாட்டும் இடத்தில் ஸ்டெல்லா படத்தை நிறுத்துவாள். "ஏனுங்க, அன்னிக்கு யாருக்கு டாட்டா காட்டுனீங்க?"

ஏழு வருஷமாக யோசிக்கிறார். இப்போது அவர் மகளும் சேர்ந்து கேட்கிறாள்.