மூன்றாவது பெட்டியில் ஒரு கை

வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் ஒரு பொய் சொல்லியே தீருவது என்று கண்ணாடிக்காரர் புதன்கிழமையே முடிவெடுத்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். கடைவீதியில் சின்னதாக ஒரு கடை. ஊரில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குடி, சீட்டு, வெட்டிப்பேச்சு எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், ரயில். ஏறிப் போகிற பழக்கம் இல்லை. நின்று படம் பிடிக்கிற பழக்கம்.

ஊரும் அதற்கேற்ற ஊர்தான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் தண்டவாளம், நடுவில் மிச்சமிருந்த இடத்தில் மனுஷர்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் செங்கல் கிடங்குகள், படகுத்துறை, இஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுகிற உயரமான தொட்டி, அப்புறம் அந்த இரும்புப் பாலம். வருஷத்துக்கு ஒரு நாள், ஆறு நிரம்பி ஓடுகிற சமயத்தில், கொட்டகையில் தூங்கும் பழைய நீராவி இஞ்சினைக் குளிப்பாட்டி, நாலு மரப்பெட்டிகளைப் பூட்டி, பாலத்தின் மேல் ஓட்டுவார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. ரயில் ஒருமுறை பாலத்தைக் கடந்து வரும். பிறகு வந்த வழியே பின்னால் போய், இன்னொரு முறை புகை விட்டுக்கொண்டு வரும். முதல் தடவை கோட்டை விட்டவன் இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் போயிற்றே என்று இன்னொரு ரயில் பைத்தியமான தையல்காரர் வருஷம் தவறாமல் வருத்தப்படுவார்.

போன வருஷம் கண்ணாடிக்காரரால் போக முடியவில்லை. குழந்தை பிறக்க இருந்தது. இந்த வருஷமும் போக முடியாது போலிருந்தது. குழந்தை பிறந்துவிட்டது.

மனைவிக்குப் பயம். காற்றடித்தால் பயம், அடிக்காவிட்டால் புழுக்கத்தில் என்ன ஆகுமோ என்று பயம். குழந்தை அழுதால் ஏன் அழுகிறான். அழாவிட்டால் ஏன் அழவில்லை. தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். பார்த்த கையோடு அதே விரல் கண்ணாடிக்காரரின் மூக்குக்குக் கீழேயும் வரும். "இருக்கேன்" என்று அவர் கண்ணைத் திறக்காமலே சொல்ல வேண்டும். டாக்டரிடம் போவதைத் தவிர குழந்தையோடு மாடிப்படி இறங்க மாட்டாள். தெருவில் தூசி, தூசிக்குப் பின்னால் நாய், நாய்க்குப் பின்னால் கன்னத்தைக் கிள்ளுகிற மனுஷர்கள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. கண்ணாடிக்காரருக்கு அது தெரியாமல் இல்லை. எந்தக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்றுதான் தெரியவில்லை.

ரயில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். "போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். அவள் அதைச் சொல்கிற விதத்தைக் கேட்ட பிறகு எந்த ஆம்பளையாலும் செருப்பை மாட்ட முடியாது. ஆகவே பொய்.

சனிக்கிழமை சாயங்காலம், குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஒரு முகாம் இருக்கு."

"என்ன முகாம்?"

"கண் பரிசோதனை. இலவசம். ஆத்துக்கு அந்தப் பக்கம். எல்லாம் வயசானவங்க."

"பாவம். யாரு கூப்பிட்டாங்க?"

"பல் டாக்டர்."

"கண்ணுக்குப் பல் டாக்டரா?"

"அவரு பல்லைப் பாப்பாரு, நான் கண்ணைப் பாப்பேன்."

"வயசானவங்களுக்குப் பல்லு எங்கங்க இருக்கும்?"

"அதனாலதான் அவருக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும். எனக்குத்தான் சாயங்காலம் ஆயிடும்."

அவள் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். சத்தமே போடாமல் கேள்வி கேட்பாள். பதில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மை பேசுகிறவனுக்கே நாக்கு குழறும்.

"நல்ல காரியந்தானே. போய்ட்டு வாங்க," என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அந்தத் தாழ்ப்பாள் பார்வை அவரை என்னவோ செய்தது. ஆனாலும் இஞ்சின் வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறது.

அடுத்த சிக்கல் கேமரா. கண் முகாமுக்குக் கேமரா எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கண்ணாடிக்காரரின் மூளை அன்று பிரகாசமாக வேலை செய்தது. கண்ணைச் சோதிக்கிற லென்ஸ்களை அடுக்கி வைக்கும் மரப்பெட்டி ஒன்று உண்டு. லென்ஸ்களை எல்லாம் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டார். பெட்டிக்குள் கேமராவைப் படுக்க வைத்தார். பையை மறைப்பதற்கு வீட்டிலேயே பத்திரமான இடமாகத் தேடினார். குழந்தையின் இடுப்புத்துணிகள் இருக்கிற அலமாரி கண்ணில் பட்டது. அதை யாரும் திறந்து அவர் பார்த்ததே இல்லை. கீழ்த்தட்டில், துணிகளுக்கு அடியில் பையைச் செருகினார்.

ஞாயிறு காலை, பெட்டியும் கையுமாகப் புறப்பட்டவரிடம் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். "அந்த வயசானவங்களுக்குக் குடுங்க." ஆற்றங்கரையில் இருந்தவர்களில் தையல்காரர்தான் மூத்தவர் என்பதால் அவருக்கே கொடுத்துவிட்டார். பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா.

பாலத்துக்குக் கீழே, தண்ணீர் ஓரத்தில், பைத்தியங்கள் வரிசையாக நின்றன. எல்லாருக்கும் ஒரே கனவு. மேலே புகை, நடுவில் பாலம், கீழே தண்ணீரில் தலைகீழாக இன்னொரு ரயில். ஒரே ஒரு விதிதான். பெட்டிகளில் இருப்பவர்கள் தலையையோ கையையோ வெளியே நீட்டக் கூடாது. இஞ்சின் பழசு, பெட்டி பழசு, பாலம் பழசு, ஜன்னலில் மட்டும் ஒரு புதுக்கை ஆடிக்கொண்டிருந்தால் படம் என்னத்துக்கு ஆகும்?

இஞ்சின் ஊதியது. பாலம் அதிர்ந்தது. பைத்தியங்கள் மூச்சைப் பிடித்தன. ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து பச்சைச் சால்வை போர்த்திய ஒரு கை வெளியே வந்து, ஊரையே அழைப்பதுபோல் ஆடியது.

"போச்சு," என்றார் தையல்காரர், வாயில் வாழைப்பழத்தோடு.

பாலத்தைத் தாண்டி, வளைவில் ரயில் நின்றது. பல் டாக்டரும் அந்தப் பைத்தியங்களில் ஒருவர்தான், அவரிடம் ஒரு கை மைக் இருந்தது. நாள் முழுக்க மெதுவாக வாயைத் திறங்க என்று சொல்லியே பழகிய குரல். "மூன்றாவது பெட்டியில இருக்கிற அம்மா, கொஞ்சம் தயவு பண்ணி..." என்று அவர் ஆரம்பித்தது ஆற்றில் இருந்த மீனுக்குக்கூடக் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். வீட்டில் பேச முடியாததெல்லாம் தொண்டையில் வந்து நின்றது.

"ஏம்மா பச்சைச் சால்வை. ரயிலையே இதுக்கு முன்னாடி பாத்ததில்லையா? கையை உள்ள எடும்மா. உன் வீட்டுக்காரர் எங்க? கொஞ்சம் பிடிச்சு உக்கார வைக்கச் சொல்லு."

கரையே சிரித்தது. கை உள்ளே போயிற்று. கண்ணாடிக்காரருக்கு அப்படி ஒரு திருப்தி. தான் சொல்லி ஒரு பெண் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரயில் பின்னால் போய், இரண்டாவது முறை வந்தது. கை மறுபடி வந்தது. இந்தமுறை அதன் பக்கத்தில் ஒரு குட்டிக் கையும். போதாததற்கு, சரியான நேரத்தில் மேகம் வந்து வெயிலையும் மூடிவிட்டது.

கண்ணாடிக்காரர் மைக்கோடு குதித்தார். "இன்னொரு தடவை விடுங்க. எல்லாம் பாழாப் போச்சு. இன்னொரு தடவை விடுங்க." இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். எந்த வருஷமும் இரண்டு தடவைதான். மூன்றாம் தடவை என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஆச்சரியம், ரயில் நின்றது. யோசித்தது. மெல்லப் பின்னால் நகர்ந்தது.

மூன்றாம் தடவை எல்லாம் கூடி வந்தது. மேகம் விலகியது. புகை நெட்டுக்குத்தாக எழுந்தது. ஆறு அசையாமல் நின்று ரயிலைத் தலைகீழாக வாங்கிக்கொண்டது. கை ஆடியது, ஆடட்டும், வீட்டில் போய் அழித்துக்கொள்ளலாம். கண்ணாடிக்காரர் அழுத்தினார்.

"ரயிலையே திரும்ப வர வச்சிட்டீங்களே, சாமி," என்றார் தையல்காரர். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் பெரிதாக மாட்டப்போகிற படம் இவருடையதுதான் என்று பல் டாக்டர் அங்கேயே அறிவித்தார். கண்ணாடிக்காரர் வீடு திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை.

மனைவி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முகாம் எப்படிங்க?"

"நல்ல கூட்டம்."

"எல்லாருக்கும் கண்ணு நல்லா இருந்துச்சா?"

"பரவால்ல. ஒருத்தருக்கு மட்டும் தூரத்துல இருக்கிறது தெரியுது, பக்கத்துல இருக்கிறது தெரியல."

"அப்படிப்பட்டவங்க இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையோடு உள்ளே போனாள்.

கண்ணாடிக்காரர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். படத்தைப் பெரிதாக்கினார். பாலத்து ஆணிகள் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினார். டிரைவரின் மீசை தெரிந்தது. அழிக்க வேண்டிய கையைத் தேடி மூன்றாவது பெட்டிக்குப் போனார். பச்சைச் சால்வையை எங்கேயோ பார்த்த ஞாபகம். கீழ்வீட்டு அக்காவின் சால்வை. அதோ, உள்ளே அந்த அக்காவே உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் சால்வையைப் போர்த்தியிருப்பது யார்?

முகத்தில் ஈயாடவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த ஜன்னலில் இருக்கலாம், ஒரே ஒருத்தி மட்டும் இருக்க முடியாது என்று அவர் சத்தியமே செய்திருப்பார். அந்த ஒருத்திதான் இருந்தாள். இடுப்பில் குழந்தை.

மைக்கில் தான் பேசியது வரிவரியாகக் காதில் ஒலித்தது. காத்திருப்பு அறைச் சுவரில், ஊர் மொத்தமும் பார்க்க, தன் பொய் சட்டம் போட்டுத் தொங்கப் போகிறது. ஒரே வழி. அழித்துவிட வேண்டும். ஜன்னல் காலி. மனைவி வீட்டில் இருந்தாள், அவர் முகாமில் இருந்தார்.

பக்கத்துப் பலகையின் நிறத்தை எடுத்து முழங்கையின் மேல் பூசினார். முழங்கை போயிற்று. அடுத்தது முகம். கிட்டே போனார். கை நின்றுவிட்டது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல் அத்தனையும் தெரிய, யார் பார்த்தால் எனக்கென்ன என்பதுபோல. குழந்தையும் பொக்கை வாயை ஆவென்று திறந்திருந்தான். எத்தனை மாதமாக அவர் இந்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அழிக்கிற பொத்தான் மேல் விரல் இருந்தது. அழுத்தினால் தப்பிக்கலாம். அவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முழங்கையைக் காணோமே," என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

அவர் திரும்பவில்லை. அவள் மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். உள்ளே லென்ஸ்கள் கிணுகிணுத்தன.

"இடுப்புத்துணிக்கு அடியில இருந்துச்சு. பாப்பாவுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, எங்கிட்ட சொல்லாம மறைக்கிறீங்கன்னு நினைச்சு ஒரு நிமிஷம் செத்தே போயிட்டேன். அப்புறந்தான் உறைச்சுது. லென்ஸே இல்லாம எந்த முகாம்ல எந்தக் கண்ணைப் பாக்கிறாருன்னு."

"அது வந்து..."

"அக்காகிட்ட கேக்கலாம்னு இறங்கினேன். அவங்க வீட்டுக்காரர்தானே அந்த ரயிலுக்குக் கார்டு. இன்னிக்கு ஆத்தங்கரை பூரா கேமரா பைத்தியமா நிக்கும்மான்னாங்க. வந்த கோவத்துல, ரயிலேறக் கிளம்பின அவங்க பின்னாடியே நடந்துட்டேன். பாதித் தெரு போனப்புறந்தான் பாத்தேன், பாப்பா என் இடுப்புல இருக்கான்."

"பயமா இல்லையா?"

"பயந்தான். பாலத்துல தடதடன்னு சத்தம் வந்ததும் கண்ணை மூடிட்டேன். பாப்பா சிரிச்சான். அவன் அப்படி சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல. என்னன்னு கண்ணைத் திறந்தேன். ஆறு அவ்வளவு அழகா இருந்துச்சு." துணிப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா போய்ட்டு வாங்கன்னுட்டு இங்கயே உக்காந்திருப்பேன். நல்லவேளை, பொய் சொன்னீங்க."

பொய் சொன்னதற்காகக் கண்ணாடிக்காரருக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல், முழங்கையைத் திரும்ப வரவழைத்து அதனிடத்தில் வைத்தார்.

"இப்படியே மாட்டச் சொல்றேன்," என்றார். "கையோட."

"மாட்டுங்க. வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டீங்களே, அதோ கத்தறாரே அவருதான்னு அக்கா பெட்டி பூரா சொல்லிட்டாங்க."

கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். ஆனாலும் ஆம்பளைக்குக் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்க வேண்டாமா? நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எது எப்படியோ, ஒண்ணை நீ ஒத்துக்கணும். அந்தக் கத்து கத்தலைன்னா மூணாவது தடவை ரயில் வந்திருக்காது. இந்தப் படமும் இல்ல, இந்தச் சிரிப்பும் இல்ல."

"அப்ப இஞ்சின் ஊதிட்டிருந்துச்சுங்க, நீங்க கத்தினது யாருக்கும் கேக்கல," என்றாள் அவள், குழந்தையின் வாயைத் துடைத்தபடி. "பாப்பா இன்னொரு தடவை சிரிக்கணும்னு நான்தான் கார்டுகிட்ட கெஞ்சினேன். டிரைவர்கூட இறங்கி வந்து, கரையில ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிக் குதிக்கிறாரே, அவருக்கு என்ன வேணும்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லைங்க, பாப்பாவுக்கு டாட்டா காட்டறாருன்னு சொல்லிட்டேன்."