புயல் விமானத்திலிருந்து இரண்டு செய்திகள் வராதது குறித்து

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பிலாக்சியில் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்வில் நெக்கேஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் இல்லத்தாரும், அச்சு இயந்திரமும் இந்தப் புயலில் நனையாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கூரை இருக்கிறது, பின்பக்கத்து வேலிதான் இல்லை. தங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்து விளம்பரம் வரை படிப்பவன் என்ற உரிமையில் ஒரு புகாரைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

நம் ஊர்த் தளத்திலிருந்து புயலுக்குள் போகும் விமானம் அரை நிமிடத்துக்கு ஒரு வரி எழுதி, இருபது வரி சேர்ந்ததும் ஒரு செய்தியாகக் கீழே அனுப்பும் என்பது தாங்கள் அறிந்ததே. விமானம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, விமானம் புயலின் கண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வரவில்லை. என் பேருந்து ஒரு நாளாவது அரை மணி தாமதமாக வந்திருந்தால் இந்த ஊர்த் தாய்மார்கள் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா? ஆகவே கேட்கிறேன்.

இந்த வயதில் உனக்கு எதற்குய்யா இந்த எண்களெல்லாம் என்று தாங்கள் கேட்கலாம். என் மகள் டெல்ஃபின் அந்த விமானங்களில் வேலை செய்கிறாள். சின்ன பாராசூட் கட்டிய ஒரு குழாயைப் புயலுக்குள் போடுவது அவள் பொறுப்பு. அது கடலைத் தொடும் வரை காற்றையும் அழுத்தத்தையும் அளந்து சொல்லிக்கொண்டே விழும். எந்த நாள் எந்த விமானத்தில் அவள் ஏறுகிறாள் என்று எனக்குத் தெரியாது, ஆகவே எல்லாவற்றிலும் அவள் இருப்பதாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறேன். நேரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்றால், நாங்கள் பேசி பதினோரு மாதம் ஆகிறது. போன வருடப் புயலுக்கு, "அப்பா, நான் மேலேருந்து பார்த்துட்டுதான் சொல்றேன், கிளம்பிடுங்க" என்றாள். இதைவிடப் பெரிய புயலை நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, ஷெரீஃப் ஆபீசிலிருந்து இரண்டு போலீஸ் தடியர்களை அனுப்பி, தெருவே வேடிக்கை பார்க்க என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வைத்தாள்! அந்தப் புயலோ திரும்பி லூசியானா பக்கம் போய்விட்டது, எங்கள் தெருவில் ஒரு இலை உதிரவில்லை. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். போன் போட்டு, "குழாயெல்லாம் கடல்ல போட்டதுதான் மிச்சமா?" என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அன்றோடு சரி.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு ஹியெனிடம், இறால் படகு வைத்திருந்தவர், கணினியில் இதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பேருந்தில் அவள் மூன்றாவது வரிசையில் உட்காருவாள், தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் ஆறு வருடம் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இப்போது இந்த வரிகளைப் பார்க்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, விமானம் திரும்பித் தரையில் இறங்கி உயரம் என்ற இடத்தில் சைபர் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

புகாருக்கு வருகிறேன். ஞாயிறு காலை நான் கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஹாட்டீஸ்பர்க்கில் லொரீன் அக்கா வீட்டில் இருந்தேன். ஏன் அங்கே இருந்தேன் என்பது இந்தப் புகாருக்குத் தேவையில்லாதது. உயரம் மூவாயிரத்துப் பன்னிரண்டு மீட்டர், அடுத்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, அடுத்து இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது, அடுத்து இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாறு. வரிக்கு வரி இறங்குகிறது. அத்தோடு செய்தி நின்றுவிட்டது. விழுகிற விமானம் வேறு எப்படி இருக்கும்? பத்து நிமிடம் பார்த்தேன், வரவில்லை. "போச்சு" என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. லொரீன் அக்கா உடனே பாதிரியாருக்குப் போன் செய்தாள், பாதிரியார் ஜெபக் குழுவுக்குச் சொன்னார், ஜெபக் குழு மண்டியிட்டதோ இல்லையோ, அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. நம் பக்கத்தில் ஒரு சாவு என்றால் பெண்கள் எவ்வளவு வேகம் என்று தங்களுக்குத் தெரியாததா, செய்தி நின்ற இருபத்தைந்தாவது நிமிடத்தில் வாசலில் மூன்று பாத்திரம்! இரண்டு கோழிக்கறி நூடுல்ஸ், ஒரு மக்ரோனி, ஒவ்வொன்றின் அடியிலும் பாத்திரக்காரியின் பெயர் டேப்பில் எழுதி ஒட்டியிருந்தது. நான் தளத்துக்குப் போன் செய்து, எடுத்த ஆளிடம் மகளின் பெயரைச் சொல்லி அழுதேன். அப்போது ஹியென், அவரும் என்னோடுதான் வந்திருந்தார், திரையைக் காட்டி, "அண்ணே, இங்க பாருங்க, பறக்குதுண்ணே" என்றார். புது வரிகள் வந்திருந்தன. உயரம் பழையபடி மூவாயிரம். விமானம் புயலைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

விமானம் விழவே இல்லை, ஐயா. அது எப்போதும் ஒரே அழுத்தத்திலேயே பறக்கும். புயலின் நடுவில் அழுத்தம் குறையக் குறையத் தானாகவே கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வலுவான புயல் என்று அர்த்தம். இதை டெல்ஃபின் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை விமானமாக வைத்து எனக்கு விளக்கியிருக்கிறாள். நான் அப்போது நண்டு உடைத்துக்கொண்டு இருந்தேன், காதில் வாங்கவில்லை. அவள் இன்னொரு தடவை சொல்ல வந்தால் நண்டைத் தொட மாட்டேன்.

பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கோ ஒரே சங்கடம். சாகாதவளுக்கு வந்த சாப்பாட்டைத் திருப்பித் தர முடியாது, பாத்திரத்தைக் காலியாகவும் தர முடியாது. மூன்று வேளையும் அதையே சாப்பிட்டோம். ஆகவே, தவறிய செய்திகளுக்கு உரியவர்களிடம் விளக்கம் கேட்டு வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை மழையிலும் வெயிலிலும் தவறாமல் வாசலில் வந்து விழட்டும், தங்கள் பிள்ளைகள் தினமும் ஒரு தடவையாவது தங்களோடு பேசட்டும்.

இப்படிக்கு,
ஆர்வில் நெக்கேஸ்

பின்குறிப்பு: மேலே உள்ள புகாரைத் தயவுசெய்து அடித்துவிடவும். ஹியென் இன்று பழைய செய்திகளைச் சேமித்து வைத்திருக்கிற இடத்தில் தேடிப் பார்த்தார், இரண்டு செய்திகளும் சரியான நேரத்துக்கே வந்திருக்கின்றன. உயரம் குறைகிறதே என்று நான் துள்ளி எழுந்தபோது என் கால் பட்டுத்தான் கணினியின் இணைய வயர் பிடுங்கிக்கொண்டதாம். அவர் அதைச் செருகிய பிறகுதான் விமானம் திரையில் பறந்ததாம். தவிர, தளத்திலிருந்து அந்த ஆளும் திரும்பக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபின் பறக்கவே இல்லையாம், டெக்சாஸில் தூங்கிக்கொண்டு இருந்தாளாம். நான் அழுததை அவளிடம் சொன்னாராம். அவள் "இந்தத் தடவை எங்கப்பாவை எத்தனை பேர் தூக்கிட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

அவள் எங்கே இருந்தாலும் தங்கள் பத்திரிகையில் கடிதப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். ஆகவே இடமில்லை என்றால் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டுமாவது போடவும்: யாரும் தூக்கலைம்மா. சனிக்கிழமை காலையில முதல் குழாய் அழுத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணுன்னு சொல்லுச்சு, மூணாவது தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுன்னு சொல்லுச்சு. நீ போட்டதோ வேற யார் போட்டதோ, நீயே கிளம்பிடுங்கன்னு சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு. ஊரைக் காலி பண்ணச் சொல்றதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே நானா எழுந்து ஹாட்டீஸ்பர்க்குக்கு வண்டியை எடுத்தேன், ஹியெனையும் ஏத்திக்கிட்டேன். உன் சாவுக்கு வந்ததுல ஒரு பாத்திரம் மிச்சம் இருக்கு, பெட்டியில ஐஸ் போட்டுக் கொண்டாந்து ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். எங்களுக்கு வாய் மரத்துப்போச்சு. உனக்கு வந்த சாப்பாடு, நீ வந்து சாப்பிட்டாத்தான் நான் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க முடியும்.