தாய்மாமனுக்கு ஓர் அறை

காந்திபுரம், கோயமுத்தூர்
வியாழக்கிழமை சாயங்காலம்

தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டிய அன்புத் தங்கை வரலட்சுமிக்கு, சத்தியமங்கலத்து அண்ணன் சென்னகேசவன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கக் கூடாது என்று தீர்மானித்துத்தான் பேனாவைத் திறந்தேன். பழகிய கை, விசாரிக்கப் பார்க்கிறது. மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா என்றுகூடக் கேட்டிருக்கும், நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "அண்ணா" என்று ஓர் இழுப்பு இழுத்தால் என் கோபம் அங்கேயே கரைந்துவிடும். இந்தக் கோபம் முழுசாக உன் கைக்கு வந்து சேர வேண்டும். அதனால்தான் ஹோட்டல் காகிதத்தில் எழுதி, ரிசப்ஷனில் இருக்கும் ஆல்வின் என்கிற பையன் மூலமாக உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அண்ணா, ஹர்ஷிணி நிச்சயத்துக்கு மொத நாளே வந்துருங்க. ஊட்ல எடமில்லீங்க, நல்ல ஹோட்டலாப் பாத்துத் தங்கிக்குங்க." அதற்குக் கீழே கைகூப்புகிற பொம்மை ஒன்று. எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் இல்லாததால்தான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கூடப்பிறந்த தங்கை குடியிருக்கிற ஊரில், நாளைக்குச் சபையில் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன், ஆதார் அட்டையைக் காட்டி அறை எடுக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், "கோயமுத்தூர்ல யாரூட்டுக்குங்க போறீங்க?" என்று கேட்டார். தங்கை இருக்கிறாள், ஆனால் ஹோட்டலுக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அன்னூர் வரைக்கும் அவருடைய பல் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

சரி, ஹோட்டல் என்றாகிவிட்டது. நம் வீட்டு வழக்கப்படி பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டாமா? கட்டிலில் தலைமாடு வடக்கே இருக்கக் கூடாது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வர வேண்டும். குளிக்கிற இடத்தில் ஓட்டையில்லாத வாளி இருக்க வேண்டும். உச்சியிலிருந்து தெளிக்கிற சமாச்சாரம் மல்லிகைச் செடிக்குச் சரி, மனுஷனுக்கு ஆகாது. லிஃப்ட் தேவைப்படாத மாடியாக இருக்க வேண்டும். இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததா? உன்னைக் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதானே அப்பா தட்டை மாற்றினார்? நீ மட்டும் என்ன? கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போய், அறைக்குள் நுழைந்ததும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னவள். மாப்பிள்ளை இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் வம்சி, போனிலேயே அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலைப் பிடித்துக் கொடுத்தான். ஊரே புகழ்ந்து எழுதியிருக்கிறது அப்பா என்றான். காலையில் அறைக்குள் போனால், குளியலறைக்குச் சுவரே இல்லை, கண்ணாடி. உன் அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்க, இது தண்ணி வாத்துக்கற ரூமா, நகைக்கடைப் பொட்டியா?" என்றாள். கடைசியில், அவள் குளிக்கிற வரைக்கும் நான் வெளியே போயிருப்பது என்று முடிவானது. கதவோரம் சுவரில் ஓர் அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போய் பேப்பர் படித்தேன். அந்த அட்டை இருந்தால்தான் அறைக்குக் கரண்ட் என்பது யாருக்குத் தெரியும்? முகமெல்லாம் சோப்போடு உன் அண்ணி இருட்டில் நின்றிருக்கிறாள். அவள் குரல் உனக்குத் தெரியும். தோட்டத்துக் கோடியில் இருக்கிறவனை மோட்டார் போடச் சொல்லிக் கூப்பிடுகிற குரல். அந்த மாடியில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். போதாததற்குக் கட்டிலின் தலைமாடு நேர் வடக்கு, அதையும் சுவரோடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறார்கள். ஹர்ஷிணிக்காகக் கொண்டுவந்த மல்லிகைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினோம்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ். தண்ணீர் சிறுவாணி, வாளி உறுதி, கட்டில் தெற்கு. அப்பாடா என்று படுத்தோம். ஜன்னலுக்குக் கீழே ஒரு கண்டக்டர், "அன்னூர், புளியம்பட்டி, சத்தி, சத்தி" என்று விடாமல் கூவுகிறார். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். கண் விழித்துப் பார்த்தால் உன் அண்ணியைக் காணவில்லை. தூக்கக் கலக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நம் ஊர் சத்தி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏறிக் கூப்பிட்டால், "சீக்கிரம் உக்காருங்க, எடம் போட்டு வெச்சிருக்கறேன்" என்கிறாள். இறக்குவதற்குள் கண்டக்டருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதமாகிவிட்டது.

மூன்றாவதுதான், இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த இடம். சந்துக்குள் இருக்கிற பழைய ஹோட்டல். முதல் மாடி, படியேறி வந்துவிடலாம். வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், ஓட்டை இல்லை. தலைமாடு மட்டும் வடக்கே கிடந்தது, ஆனால் கட்டிலைச் சுவரோடு திருகவில்லை. திருப்பிப் போட ஆள் வேண்டும் என்று ஆல்வினிடம் சொன்னேன். "ஆளுங்க பக்கத்து ரூம்ல கட்டிலத் திருப்பிட்டிருக்காங்க சார், முடிஞ்சதும் வாரோம்" என்றான். காபியில் டிகாஷன் பத்தவில்லை என்று சொன்னேன். "பக்கத்து ரூம் அம்மா இப்பத்தான் அதையே சொல்லித் திருப்பி அனுப்புனாங்க சார்" என்றான். எனக்கு அந்த அம்மாவை முகம் பார்க்காமலே பிடித்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, விவரமானவள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தால், அவனை எந்தக் காலத்திலும் ஹோட்டலில் தங்க விடமாட்டாள்.

ஒரே குறை வெந்நீர். இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே கீசர். அந்த அம்மா பிடித்தால் எனக்கு வராது, நான் பிடித்தால் அவளுக்கு வராது. வந்ததிலிருந்து எங்களுக்குள் போட்டிதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சுவரைத் தட்டினாள். நானும் பதிலுக்குத் தட்டினேன். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள், எங்கள் பக்கம் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். தாய்மாமனை அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, வரலட்சுமி. கைகூப்புகிற பொம்மை போதாது. நாளைக் காலை நீயே வெற்றிலை பாக்குத் தட்டோடு இந்த அறை வாசலில் வந்து நின்று, "வாங்கண்ணா" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சபையில் முதல் ஆளாக உட்காருவேன். இல்லாவிட்டால் பூவும் சீரும் உன் அண்ணியோடு வந்து சேரும், நான் பஸ் ஏறிவிடுவேன். இதைச் சொல்ல எனக்கே நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

குழந்தை ஹர்ஷிணிக்கு எல்லா நலமும் சேரட்டும். அவள் கண்ணில் தூசிகூட விழக் கூடாது. மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் வணக்கம். உனக்கு இப்போதைக்கு ஆசீர்வாதம் மட்டும்.

இப்படிக்கு,
இடமில்லாத அண்ணன்,
சென்னகேசவன்

பி.கு: மேலே உள்ள எதையும் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு.

கையெழுத்துப் போட்டு மூடுகிற நேரத்தில் யாரோ கதவை இடித்தார்கள். திறந்தேன். தலையில் துண்டு, நெற்றியில் சீயக்காய், கையில் காலி வாளி. நிமிர்ந்து பார்க்காமலே, "ஏனுங்க, சுடுதண்ணி பூரா நீங்களே புடிச்சுப்போட்டா பக்கத்து ரூம்காரங்க எப்படிங்க தண்ணி வாத்துக்கறது?" என்று ஆரம்பித்தாய். அப்புறம்தான் நிமிர்ந்தாய். உன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆனது என்று நேரில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இளைத்துப் போயிருக்கிறாய், கண்ணு.

"எடமில்லைன்னது உங்களுக்கு மட்டுமில்லீங்கண்ணா, எனக்கே இல்லீங்க. கட்டில்ல மாமியார், ஹால் பூரா அவரு சொந்தக்காரங்க. தெனமும் அரிசி மூட்டைமேல சாஞ்சுட்டுத் தூங்கறேன். ஒரு ராத்திரியாச்சும் காலை நீட்டிப் படுக்கோணும்னு ஹர்ஷிணிகிட்ட மட்டும் சொல்லிப்போட்டு வந்தேன். அந்தக் கோலத்துல நீங்க என்னைப் பாக்க வேண்டாம்னுதான் ஹோட்டல்னு எழுதுனேன்" என்றாய். ஊரில் இத்தனை ஹோட்டல் இருக்க இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டேன். "வாளியத் தூக்கிப் பாத்தீங்களாண்ணா?" என்றாய். பார்த்தேன் என்றேன். "நானுந்தான்" என்றாய். உன் அண்ணி சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து ஆல்வின் ஓடி வந்துவிட்டான்.

போகும்போது கூடையில் வைத்திருந்த மல்லிகையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துருங்கண்ணா" என்றாய். தட்டோடு வரச் சொல்லியிருந்தேன், நீ வாளியோடு வந்தாய். நிரப்பிக் கொடுத்தேன். முறைப்படி அழைத்தாகிவிட்டது.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நீ தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்கிறது. இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருகிறேன். குளித்து முடித்ததும் சுவரில் ஒரு தட்டுத் தட்டு, உன் அண்ணிக்கும் தண்ணீர் வேண்டும்.