மட்டக்குழாய்ப் பரணி

சிமெண்ட் மூட்டை சுமந்த காலத்திலும் அண்டாத இடுப்பு வலியை, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று வாரம் அமர்ந்தே ஈட்டி, அவ்வலியை இடக்கையால் அமுக்கி, வலக்கையில் கணினிச் சுட்டியைச் செங்கோலென ஏந்திய தற்காலிக விரிவுரையாளன் வாழ்க! செங்கல் சுமந்தவளுக்கும் அஸ்திவாரம் தோண்டியவனுக்கும் பிறந்து, மேடுபள்ளத்தைப் புத்தகத்தில் காணுமுன் உள்ளங்காலால் கண்ட உரவோன் வாழ்க!

இளங்கலைப் புவியியலுக்கு, எட்டு ஆசிரியர் கூடி இணையத்தில் எழுதி, எவரும் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க பாடநூல் இயற்றுக என மேலிடம் முரசறைந்தது. அவ்வேள்வியில் நம் வீரன் சொரிந்த அவி ஒரே பக்கம்: நீளமான பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல, கல்லூரி முற்றத்தின் சரிவை மாணவரே அளந்து வரைபடமாக்கும் பயிற்சி. அதைச் செய்து பார்க்க, கொத்தனாராகிய மச்சானிடம் குழாயை இரவல் பெற்றான்.

"நாளைக்கே குடுத்துரணும் மாப்ள. அது இல்லாம நான் கண்ண மூடிட்டா செவரு எழுப்புறது?" என்றார் மச்சான்.

மூண்டது போர். பதினேழு சான்றிதழ் மாட்டிய சுவரின் வேந்தராகிய மூத்த பேராசிரியர், குழாய் என்னும் இழிசொல் கண்டு துணுக்குற்று, அதை வெட்டித் 'தகுந்த கருவி' என நாட்டினார். வீரன் மீட்டான். அவர் மீண்டும் வெட்டினார். முற்றமில்லாக் கல்லூரிகளின் மனம் நோகுமென்று மற்றொருவர் முற்றத்தை மாய்க்க, தண்ணீர்ப் பஞ்சத்தை எண்ணி இன்னொருவர் நீரை வற்றடிக்க, எவ்வூருக்கும் பொருந்துமாறு செதுக்கிச் செதுக்கி எவ்வூரிலும் இல்லாத ஒன்றை ஈன்றெடுத்தனர் அச்சிற்பிகள்.

துறைத் தலைவி தொலைபேசியில் முழங்கினார்: "என்னப்பா, கொத்தனார் வேலையெல்லாம் பாடமா? நாலு பேரு பாக்கற புத்தகம்ப்பா!"

"அந்த நாலு பேரும் உக்காந்திருக்கற கட்டடம் மட்டம் பாத்துதான் மேடம் கட்டினாங்க."

வெள்ளி நண்பகல் கோப்பு பூட்டப்பட்டது. நாற்பது மாணவர் கைக்கு அச்சாகி வந்த பக்கம் உரைத்தது: 'தகுந்த கருவியால் தகுந்த இடத்தைத் தக்கவாறு அளக்கவும்.' கீழே எட்டுப் பெயர்கள், தடித்த எழுத்தில்.

"சார், தகுந்த கருவின்னா?" என்றாள் முதல் வரிசைக்காரி.

வீரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அலமாரியைத் திறந்து, சுருண்ட நாகமெனக் கிடந்த குழாயைத் தோளிலேற்றி, நாற்பதின்மர் பின்தொடர முற்றத்தில் இறங்கினான். நீர் நிரம்பிற்று, முனைகள் இரண்டும் உயர்ந்தன, சுண்ணக்கட்டி கோடிட்டது. மழைதோறும் துறைத் தலைவியின் அறைக்குள் வெள்ளம் புகும் மாமர்மம் அரை மணியில் துலங்கிற்று: முற்றம் முழுவதும் அவர் வாசலை நோக்கியே சரிந்து கிடந்தது.

கரவொலி கேட்டு வெளிவந்த தலைவி, சுண்ணக் கோட்டையும் தம் வாசற்படியையும் மாறி மாறி நோக்கி, "அட! இது நம்ம துறையிலயே இருக்கட்டும்ப்பா" என்று அருளி, பொருட்பட்டியலில் 'தகுந்த கருவி - ஒன்று' எனத் தம் திருக்கரத்தாலேயே பொறித்து, குழாயை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் இட்டு, வாகை சூடி வீடேகினார்.

மச்சானுக்கு டியூபை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.